கனமான சுருட்டைச் சுவைப்பதும் எடைபோடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகார் புதிதாகப் பழகுகிறவர்களும் பல வருடங்களாகப் பிடிக்கிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்கு நிகரகுவா நாட்டின் எஸ்தெலி நகரச் சுருட்டுகளையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன். கனமான சுருட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான். புகையிலை உடம்புக்குக் கேடு. அதைப் பற்றிய கேள்வியும் கீழே இருக்கிறது, தாண்டிப் போய்விட வேண்டாம்.

'ஃபுல் பாடி' என்றால் தலை சுற்ற வைக்கும் சுருட்டு என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால்தான் மற்றதெல்லாம் புரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு சுருட்டில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது வீரியம்: நிகோடின் எவ்வளவு இருக்கிறது, அது உடம்பில் எப்படி ஏறுகிறது என்பது. இரண்டாவது கனம்: புகை வாயில் எவ்வளவு அடர்த்தியாக, எண்ணெய்ப் பசையோடு நிற்கிறது என்பது. இதைத்தான் 'பாடி' என்கிறார்கள். மூன்றாவது சுவை: என்னென்ன சுவைகள் வருகின்றன, எவ்வளவு அழுத்தமாக வருகின்றன என்பது.

மிளகு ரசத்தை நினைத்துப் பாருங்கள். தொண்டையைப் பிடிக்கும், மூக்கில் நீர் வரவைக்கும், ஆனால் வாயில் தண்ணீராகத்தான் ஓடும். பருப்புக் கடைசல் நேர்மாறு. உறைப்பே இருக்காது, ஆனால் நாக்கின் மேல் படிந்து நிற்கும். சுருட்டிலும் அப்படித்தான். மெல்லிய புகையோடு தலையில் அடிக்கிற சுருட்டு உண்டு. வாய் நிறையப் புகை தந்தும், எழுந்து நடக்கும்போது ஒன்றும் தெரியாத சுருட்டும் உண்டு.

தமிழில் புகையிலையின் வீரியத்தையும் 'காரம்' என்கிறோம், மிளகு போல உறைப்பதையும் 'காரம்' என்கிறோம். பேச்சில் அது போதும். எடைபோட உட்காரும்போது இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில், நல்ல கனமான சுருட்டில் வீரியம் சுவைக்குப் பின்னால்தான் வர வேண்டும். நிகோடின் சுவையை முந்திக்கொண்டு வந்தால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கலவை சரியில்லை என்றுதான் சொல்வேன்.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

இலை செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பதில் தொடங்குகிறது. அடியில் இருக்கும் இலைகளை வொலாடோ என்பார்கள். மெல்லியவை, எளிதாகப் பற்றி எரியும். நடுவில் இருப்பது செகோ. மணத்தில் பெரும்பங்கு அதனுடையது. உச்சியில் நாள் முழுக்க வெயில் வாங்கும் இலை லிஹெரோ. ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு 'லேசானது' என்று பொருள், ஆனால் இலை தடித்தது, எண்ணெய் கொண்டது, நிகோடின் மிகுந்தது. பூமொட்டைக் கிள்ளிவிடுவதால் விதைக்குப் போக வேண்டிய சத்தும் இலைக்கே போகிறது.

லிஹெரோ மெதுவாகத்தான் எரியும். அதனால் சுருட்டுகிறவர் அதை உள்ளிலைக் கட்டின் நடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்தால் நெருப்பு அந்தப் பக்கம் பின்தங்கிவிடும்.

பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் உலர்த்துவார்கள். அப்புறம் 'பிலோன்' என்ற பெரிய குவியலாக அடுக்குவார்கள். ஈரமும் குவியலின் எடையும் சேர்ந்து உள்ளே சூடு ஏறும். சூடு அளவு தாண்டுமுன் பிரித்து, உள்ளே இருந்த இலை வெளியே வரும்படி மாற்றி அடுக்க வேண்டும். இந்தப் பதப்படுத்தலில்தான் அம்மோனியா வெளியேறுகிறது, இலையின் முரட்டுத்தனம் தணிகிறது. தடித்த லிஹெரோவுக்கு மற்ற இலைகளைவிட அதிக காலம் வேண்டும். அவசரமாக எடுத்த லிஹெரோ பச்சைப் பாக்கு மென்றதுபோல நாக்கை இழுக்கும், மூக்கில் நெடி அடிக்கும். கனமான சுருட்டில் நான் முதலில் தேடும் குறை இதுதான்.

எஸ்தெலி என்று ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? கியூபாதானே பெரிய பெயர்?

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாண இலைக்கு நிகர் இல்லை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 1845 இல் ஹவானாவில் தொடங்கிய பர்த்தகாஸ் போன்ற கனமான பெயர்கள் அங்கே உண்டு. ஆனால் கனத்தையே தன் அடையாளமாக வைத்திருப்பது எஸ்தெலிதான்.

1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பிய புகையிலைக்காரர்களில் சிலர் நிகரகுவாவின் வடக்கு மலைப்பகுதிக்கு வந்தார்கள். எரிமலை தந்த கறுப்பு மண் அவர்களுக்குப் பிடித்துப்போனது. 1962 இல் அமெரிக்கா கியூபச் சரக்குக்குத் தடை போட்டதால் வேறு நாட்டு இலைக்குச் சந்தையும் காத்திருந்தது. ஹோயா தெ நிகரகுவா தொழிற்சாலை 1968 இல் எஸ்தெலியில் தொடங்கியது. கியூபாவில் 1926 இல் பிறந்த ஹோசே ஓர்லாந்தோ பத்ரோன் 1964 இல் மியாமியில் சுருட்டுத் தொழில் தொடங்கி, 1970 இல் உற்பத்தியை எஸ்தெலிக்குக் கொண்டுபோனார். 1979 இல் நிகரகுவாவிலேயே புரட்சி, 1985 முதல் 1990 வரை அமெரிக்காவின் வணிகத் தடை என்று அடி மேல் அடி விழுந்தும் தொழில் மீண்டு எழுந்தது.

ஒரே நாட்டுக்குள் இலை மாறுவதைக் கவனிப்பது தனி இன்பம். எஸ்தெலி இலையில் கனமும் மிளகும் தூக்கல். ஹோண்டுராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபா பள்ளத்தாக்கு இலையில் இனிப்பும் மென்மையும். இரண்டுக்கும் நடுத்தரமாகக் கொண்டேகா. நிகரகுவா ஏரிக்குள் இரண்டு எரிமலைகளோடு நிற்கும் ஓமெதெபே தீவின் இலையில் மண்வாசம். நல்ல கலவைக்காரர் எஸ்தெலியின் வேகத்தை ஹலாபாவால் அடக்குவார்.

நான் அளவுகோலாக வைத்துக்கொள்வது பத்ரோன் 1926 வரிசை. 2002 இல் வந்தது. முழுக்க நிகரகுவா இலை, குறைந்தது 5 வருடம் பழையது, சதுரமாக அழுத்தியது. எந்தக் கனமான சுருட்டையும் மனதுக்குள் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். உங்களுக்கு வேறொன்று அளவுகோலாக இருக்கலாம். ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

மேலிலை கறுப்பாக இருந்தால் கனம் அதிகமா?

கிடையாது. மதூரோ எனப்படும் கருமையான மேலிலை பெரும்பாலும் இனிப்பாகத்தான் இருக்கும். அந்த நிறம் அதிக நாள், அதிக சூட்டில் பதப்படுத்தியதால் வருவது. மெக்சிகோவின் சான் ஆந்த்ரெஸ் இலையும் அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப் இலையும் இதற்குப் பேர்போனவை. வெளிர் மேலிலைக்குள் லிஹெரோவை அடைத்து வைத்த சுருட்டுகளும் உண்டு.

பருமனாக இருந்தால்?

அதுவும் இல்லை. சுருட்டின் விட்டத்தை ரிங் கேஜில் சொல்வார்கள். ஒரு ரிங் என்பது ஒரு அங்குலத்தில் 64 இல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். பருமன் கூடினால் புகை குளிர்ச்சியாக வரும், உள்ளிலைக்கு இடம் கூடும். ஆனால் மேலிலையின் பங்கு குறையும். ஒரு கலவையைத் தெரிந்துகொள்ள நான் 5 அங்குலம், 50 ரிங் அளவுள்ள ரொபுஸ்தோவையே வாங்குவேன்.

நம் ஊர்ச் சுருட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆங்கிலத்தில் 'செரூட்' என்பதே நம் 'சுருட்டு' போன சொல்தான். திருச்சி, திண்டுக்கல் சுருட்டுகள் வெள்ளைக்காரர் காலத்தில் கடல் கடந்து போயின. யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் பெரிய வரலாறு உண்டு. செரூட்டுக்கு இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும். பிரீமியம் சிகாரின் தலையில் மேலிலையால் ஒட்டிய தொப்பி இருக்கும், பிடிக்கும் முன் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

பற்றவைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் விரல்களுக்கு இடையில் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் உள்ளே இலை சீராக இல்லை. மேலிலையில் லேசான எண்ணெய் மினுமினுப்பு இருக்கலாம், நரம்புகள் தடித்திருக்கக் கூடாது. குண்டூசித் துளை தெரிந்தால் வண்டு; அந்தச் சுருட்டை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

அடுத்து, பற்றவைக்கும் முனையை முகர்ந்து பாருங்கள். வைக்கோல், கொக்கோ, மாட்டுத்தொழுவம் எல்லாம் சரி. அம்மோனியா நெடி சரியில்லை.

பிறகு தொப்பியை வெட்டி, நெருப்பில்லாமல் ஒரு இழுப்பு. ஸ்ட்ராவில் மோர் குடிக்கிற அளவுக்குத் தடை இருந்தால் போதும். காற்று சும்மா ஓடினால் வேகமாக எரிந்து சூடாகும்.

வெட்டுவதிலும் பற்றவைப்பதிலும் அப்படி என்ன இருக்கிறது?

தொப்பி வளைந்து உடலோடு சேரும் தோள் கோட்டுக்குக் கீழே கத்தி போகக் கூடாது; போனால் மேலிலை அவிழும். 2 மில்லிமீட்டருக்குள் வெட்டினால் போதும். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் வேண்டாம், வாசம் ஏறிவிடும். பியூட்டேன் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி. தீ நுனியைத் தொடாமல் சுருட்டைச் சுற்றிச் சுற்றி வாட்டி, முனை முழுவதும் கனன்ற பிறகு முதல் இழுப்பு. இந்த ஒரு நிமிடப் பொறுமை இல்லாவிட்டால் சுருட்டின் முதல் மூன்றில் ஒரு பங்கு முழுக்கக் கரிச் சுவைதான்.

சரி, எப்படிச் சுவைப்பது?

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. கனமான சுருட்டை வேகமாக இழுத்தால் எண்ணெய் கருகிக் கசக்கும், அந்தக் கசப்பைச் சுருட்டின் தலையில் போட்டுவிடுவோம். புகையை வாயில் மட்டும் வாங்குங்கள், நெஞ்சுக்குள் இறக்காதீர்கள். இரண்டு நொடி நாக்கின் மேல் வைத்து, எங்கே படிகிறது, எவ்வளவு அடர்த்தி என்று பாருங்கள். கனம் தெரிவது இங்கேதான். புகையை விட்டபின் என்ன மிஞ்சுகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்றும் கவனியுங்கள்.

மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை, வாயில் இருக்கும் புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சம் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். இழுத்துவிடுவது இல்லை, வாயிலிருந்து மேலே தள்ளி மூக்கால் வெளியேற்றுவது. நாக்குக்குத் தெரியும் சுவைகள் சில மட்டுமே. கொக்கோ, காபி, மரம் என்று சொல்வதெல்லாம் மூக்கின் வேலை. முதல் தடவை எரியும், கண்ணில் நீர் வரும். மிகக் குறைந்த புகையில் தொடங்கினால் சில வாரத்தில் பழகிவிடும். நான் இதைக் கற்றுக்கொண்ட மாதத்தில், முன்பே பலமுறை பிடித்த சுருட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். புதுச் சுருட்டுகள் மாதிரி இருந்தன.

தோல், தேவதாரு, எஸ்பிரெஸ்ஸோ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?

தெரியாதது உங்கள் நாக்கின் குற்றமில்லை, சொற்கள் வேறு ஊருடையவை. குதிரைச் சேணத்தின் தோல் வாசம் தெரியாதவருக்கு அந்தச் சொல் எதற்கு உதவும்? உங்கள் சமையலறையிலிருந்து தொடங்குங்கள். கருப்பட்டி, சுக்கு, வறுத்த மல்லி, கருகிய வெந்தயம், வேர்க்கடலைத் தோல், முதல் மழையில் நனைந்த மண், புதிதாக அரைத்த காபித்தூள், பழைய மரப்பெட்டி. மூக்கு வழியே வரும் உறைப்பு கருமிளகா, பச்சை மிளகாயா, பட்டையா என்று கேட்டாலே பாதிக் குறிப்பு எழுதியாகிவிட்டது.

நம்மிடம் ஒரு வசதியும் இருக்கிறது. அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. ஐரோப்பியக் கணக்கில் இவை சுவைப் பட்டியலிலேயே இல்லை. கனமான சுருட்டைப் பிடிக்கிறவருக்கோ முக்கியமே இந்த இரண்டும்தான். கார்ப்பு அளவோடு வந்து போக வேண்டும். துவர்ப்பு நின்றுவிட்டால் இலை பதமாகவில்லை.

இன்னொன்று, சுருட்டுப் பெட்டி செய்யும் 'ஸ்பானிஷ் சீடர்' தேவதாரு இனமே இல்லை. நம் வேம்பின் குடும்பத்து மரம். அதன் வாசத்தைப் பெட்டியிலேயே முகர்ந்து மனதில் வைத்துக்கொண்டால் புகையில் அடையாளம் தெரியும்.

மூன்று பங்காகப் பிரித்துக் குறிப்பெழுதுவது அவசியமா?

கனமான சுருட்டுக்கு அவசியம் என்பேன். எஸ்தெலிச் சுருட்டு பெரும்பாலும் முதல் அங்குலத்தில் மிளகை அள்ளி வீசும். அதோடு தீர்ப்பெழுதினால் தவறிவிடும். இரண்டாம் பங்கில் மிளகு பின்வாங்கி, கொக்கோவோ கருப்பட்டியோ எழுந்து வர வேண்டும். கலவைக்காரரின் திறமை அங்கே தெரியும். கடைசிப் பங்கில் தாரும் நிகோடினும் சேர்ந்து வீரியம் ஏறும். ஏறிய பிறகும் சுவை பிரிந்து தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உயர்ந்த சுருட்டா?

நிறம் மண்ணின் தாதுக்களைப் பொறுத்தது. மக்னீசியம் கூடினால் வெள்ளையாகும். சாம்பல் ஒரு அங்குலம் உதிராமல் நின்றால் நீள இலையை நன்றாகச் சுருட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒருபக்கமாக எரிந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கலாமா?

ஒருமுறை திருத்திவிட்டு நேரானால் குறைக்க மாட்டேன். காற்றோ, என் கையோ காரணமாக இருக்கலாம். மூன்று நான்கு தடவை லைட்டர் எடுக்க வேண்டி வந்தால் குறைப்பேன். இழுப்பே வராத சுருட்டுக்கு மதிப்பெண் போடுவதில்லை, அதே பெட்டியில் வேறொன்றை எடுப்பேன்.

90 மதிப்பெண், 95 மதிப்பெண் என்பதெல்லாம் எப்படி?

1992 இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியோனாடோ' என்ற அமெரிக்கப் பத்திரிகை 100 மதிப்பெண் முறையைப் பரப்பியது. சுருட்டின் மேல் சுற்றிய பெயர்ப் பட்டையை நீக்கி, பெயர் தெரியாமல் சுவைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை அல்ல. விலை தெரிந்த பிறகு நாக்கு நேர்மையாக இருப்பது கடினம்.

நான் போடும் கணக்கு இது: சுவைக்கு 40, மூன்று பங்கிலும் சமநிலை குலையாமல் மாறுவதற்கு 30, இழுப்புக்கும் எரிதலுக்கும் 20, தோற்றத்துக்கு 10. வீரியத்துக்கு ஒன்றும் இல்லை. அதைத் தனியாகக் குறித்துவைப்பேன், வாங்குகிறவருக்கு எச்சரிக்கையாக. ஒரு சுருட்டை வைத்து முடிவு செய்வதும் இல்லை; வெவ்வேறு நாளில் மூன்று, ஒவ்வொன்றும் அன்றைய முதல் சுருட்டாக, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.

கூட என்ன குடிக்கலாம்?

எடைபோடும்போது தண்ணீர் மட்டும். சும்மா பிடிக்கும்போது எனக்குப் பிடித்தது பால் சேர்க்காத ஃபில்டர் காபி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையோடு. நிகரகுவா ரம்மும் பொருந்தும். புளிப்பான பழச்சாறு பொருந்தாது.

பாதியில் வியர்த்து, குமட்டினால்?

அது நிகோடின். உடனே கீழே வையுங்கள், காற்றோட்டத்துக்குப் போங்கள், தண்ணீரும் இனிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் கனமான சுருட்டைத் தொடவே வேண்டாம். திரும்பப் பற்றவைத்து முடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்.

புகையை உள்ளிழுக்காவிட்டால் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. சிகார் புகை காரத்தன்மை கொண்டது (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிக் குணம்), அதனால் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் சேரும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டாலும் வரும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கக்கூடும். பக்கத்தில் இருப்பவருக்கும் கேடு. இதுவரை புகைக்காதவர் யாராவது 'தொடங்கலாமா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்கிறேன். இந்தியாவில் 18 வயதுக்கும் இலங்கையில் 21 வயதுக்கும் கீழானவர்களுக்கு விற்கக் கூடாது. இந்தியாவில் பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் தடை கண்டிப்பாக அமலில் இருக்கிறது.

சென்னை வெயிலில் எப்படிக் காப்பது?

18 முதல் 21 டிகிரி சூடு, 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் என்பது பொதுவான அளவு. நம் ஊரில் ஈரத்தைவிடச் சூடுதான் பெரிய பகை. இலையில் புகையிலை வண்டின் முட்டை ஒட்டியிருந்தால் சூட்டில் பொரித்து ஒரு பெட்டியையே துளைத்துவிடும். காற்றுப் புகாத டப்பா, 65 சதவீத ஈரப்பதப் பை, வீட்டிலேயே குளிர்ந்த அறை, இது போதும். புதிதாக வந்தவற்றைப் பையில் கட்டி ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜ் என்று வைத்தெடுத்தால் வண்டுப் பயம் இல்லை. நேராக ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

ஈரமானியை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறாகும் அளவு தண்ணீர் விட்டு, ஈரமானியோடு மூடிய டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும்.

வாங்கிய அன்றே எடைபோடலாமா?

வேண்டாம். ஒருமுறை ஒரு கடையிலிருந்து ஐந்து சுருட்டு வரவழைத்து அன்றே ஒன்றைப் பற்றவைத்தேன். கசப்பு, காய்ந்த வாய், தலைபாரம். 78 என்று எழுதி வைத்துவிட்டேன். மிச்சம் நான்கும் 65 சதவீதத்தில் இரண்டு மாதம் கிடந்தன. திரும்ப எடுத்தபோது வறுத்த காபியும் கருப்பட்டியும் வந்தன. கடையில் காய்ந்துபோயிருந்ததை நான் கலவையின் குறையாக எழுதியிருக்கிறேன். அதன்பிறகு வந்த சுருட்டு எதையும் குறைந்தது மூன்று வாரம் ஓய்வெடுக்க விடாமல் தொடுவதில்லை.

எந்த இடத்தில் நிறுத்துவது?

விரலுக்குச் சூடு தெரியும்போது, அல்லது சுவைகள் ஒன்றாகக் குழைந்து கரி மட்டும் மிஞ்சும்போது. எனக்குப் பெரும்பாலும் இரண்டு விரல் நீளம் இருக்கையில் அது வரும். சிகரெட் மாதிரி நசுக்காதீர்கள், நெடி அறை முழுக்கப் பரவும். சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டால் தானாக அணையும். அணைவதற்குள் குறிப்பை எழுதி முடித்துவிடுங்கள். அரை மணி நேரம் போனால் மிளகு மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.